பரிவேட்டைக்குத் துப்பாக்கி மருந்து

செப்டம்பர் 8, திங்கள்

துப்பாக்கி லைசென்ஸ் என் பெயருக்கு மாறி வந்துவிட்டது. எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். கவரைப் பிரித்து மூன்று தடவை படித்தேன். செண்பகவல்லி, வயது அறுபது, தகப்பனார் பெயர், கதவு எண், எதிலும் ஒரு பிழை கிடையாது. அரசாங்கக் காகிதத்தில் பிழையே இல்லையென்றால் எனக்குப் பகீரென்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸில் உட்கார்ந்தவளுக்கு அப்படித்தான் இருக்கும். செத்து ஒரு வருஷம் ஆனவன் கைரேகை வைத்த பத்திரமெல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கிறது.

பிற்பாடு கேஸ், கோர்ட் என்று ஏதாவது வந்தால் இந்த நோட்டு சாட்சிக்கு நிற்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் விவரமாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் கூகைப்பாறையில் விஜயதசமி சாயங்காலம் வடக்குவாசெல்வி அம்மன் குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படுவாள். அதுதான் பரிவேட்டை. அவள் புறப்படுவதற்கு மூத்த வீட்டு வாரிசு பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட வேண்டும். குண்டு கிடையாது, வெறும் கருமருந்துதான். சத்தம் கேட்டால்தான் வாகனத்தைத் தூக்குவார்கள். மூன்று தடவை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் அந்த மைதானத்திலேயே துப்பாக்கியும் முதல் மரியாதையும் இளைய வீட்டுக்குப் போய்விடும். மைதானத்தில் வைத்து இளைய வீட்டு ஆள் கை அதில் பட்டாலும் அதே கதிதான். போனால் போனதுதான்.

மூத்த வீடு என்றால் இன்றைக்கு நான் ஒருத்தி. அண்ணன் சிவசுப்பு போன வருஷம் ஆனியில் காலமானான். அந்தத் தீட்டில் போன வருஷம் பரிவேட்டையே நடக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது, மதினி அவனுக்கு முன்பே போய்விட்டாள். இளைய வீடு என்றால் சித்தப்பா மகன் வெள்ளைத்துரை. என்னைவிட ஆறு வயது சின்னவன். நான் ஏப்ரலில் ரிட்டயர் ஆகி இங்கே வந்ததிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கிறான்.

இன்றைக்கும் வந்தான். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "சந்தோசம்க்கா. மருந்து நான் வாங்கித் தாரேன், நீங்க அலைய வேண்டாம்" என்றான்.

நான் அலைந்தால் இவனுக்கு என்ன கால் வலிக்கிறதாம்?

செப்டம்பர் 10, புதன்

துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். அம்மாடி, என்ன கனம். குழல் என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. குதிரை என்று சொல்கிற கொக்கியின் வாயில் சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் போய் எஃகுத் தகட்டில் உரசும், பொறி பறக்கும். பொறி பக்கத்தில் இருக்கிற சின்னக் கிண்ணியில் விழும். கிண்ணியில் இருக்கிற மருந்து பற்றி, குழலின் பக்கத்தில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்ற வைக்கும். அந்த ஓட்டைக்குக் காது என்று பெயர். ஊசி முனை அளவுதான் இருக்கிறது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளைத்துரை சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகவே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினான்.

"கருமருந்துன்னா எல்லாம் ஒண்ணு இல்லக்கா. பருவெட்டு ஒண்ணு, பொடிவெட்டு ஒண்ணு. குழலுக்குப் பருவெட்டு, கிண்ணிக்குப் பொடிவெட்டு. புதுசா சுடுதவங்க ரெண்டையும் மாத்திப் போட்டுருவாங்க. பருவெட்டைக் கிண்ணியில போட்டா சட்டுனு பிடிக்காது. பொடியைக் குழலுக்குள்ள அள்ளிப் போட்டா அடி பலமா இருக்கும், உங்க தோளு தாங்காது."

"வெடி போடுற மைதீன்பிச்சைகிட்ட கேட்டா ஊரிலேயே மருந்து கிடைக்குமே?" என்று சும்மா தூண்டில் போட்டேன்.

அவன் பதறிப்போய்விட்டான். "ஐயையோ, அது மட்டும் வேண்டாம்க்கா! அது வேட்டு மருந்து. அதுல வெள்ளிப்பொடி கலந்திருக்கும். குழல் பொளந்துரும்."

எதற்கு இந்தப் பதற்றம்? வேறு யாரிடமும் வாங்கிவிடக்கூடாது என்பதில் குறியாக இருக்கிறான். அது போகட்டும். மைதானத்தில் கை படக்கூடாத இளைய வீட்டுக்காரனுக்கு இந்தத் துப்பாக்கியின் காது மூக்கெல்லாம் இவ்வளவு அத்துப்படியாக எப்படித் தெரியும்?

நான் சந்தேகப் பிராணி இல்லை. கவனமானவள்.

செப்டம்பர் 13, சனி

மைதீன்பிச்சை ஷெட்டுக்கு நானே போனேன். ஊருக்கு வெளியே, புளியந்தோப்புக்கு அந்தப் பக்கம். ஷெட்டுக்குப் பத்தடி தூரத்திலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார், கைபேசியை அணைத்து வாசல் கல்லில் வைக்கச் சொன்னார்.

விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, உங்க வம்சத்துக்கே நான் கடன்பட்டவன். ஆனா இந்த மருந்தை மட்டும் கேக்காதிய. இது அதிர்வேட்டுக்கு உள்ளது. துப்பாக்கியில போட்டா உங்க முகம் இருக்காது. வெள்ளைத்துரை ஐயாகிட்ட கேளுங்க, அவிய சரியான மருந்தா வாங்கித் தருவாவ."

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன். இருவரும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள். வெள்ளிப்பொடி, பொளந்துரும், முகம் இருக்காது. சொல்லிவைத்த மாதிரி. இரண்டு சாட்சிகள் ஒரு எழுத்து மாறாமல் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் ஆபீஸில் நான் என்ன செய்வேன்? பத்திரத்தை நிறுத்தி வைப்பேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டவுனுக்குப் பஸ் ஏறினேன். லைசென்ஸ் உள்ள மருந்துக் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

"புதுசா?"

"புதுசுதான். அதனாலே ஏமாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள்."

சிரித்தார். மூன்று டப்பாவை எடுத்து வைத்தார். முதல் டப்பாவில் இருந்தது இப்போது புதிதாக வந்திருக்கிற மாற்று மருந்தாம். புகை குறைவு, கரி குறைவு, ஆனால் சக்கிமுக்கிப் பொறிக்குச் சட்டென்று பிடிக்காது, கேப்பு வைத்துச் சுடுகிற துப்பாக்கிக்குத்தான் சரிப்படும் என்று அவரே தள்ளி வைத்தார். மற்ற இரண்டும் அசல் கருமருந்து. ஒன்று உளுந்தங்குருணை மாதிரி பருவெட்டு. இன்னொன்று கடுகை நாலாக உடைத்த மாதிரிப் பொடிவெட்டு. கிழங்குக்கும் கீரைக்கும் பேரம் பேசுகிற எனக்கு இந்தக் கறுப்புக் குருணைக்கு என்ன பேரம் பேசுவதென்று தெரியவில்லை.

"வெள்ளைத்தாளில் ஒரு சிட்டிகை வச்சுத் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்க. நல்ல மருந்தா இருந்தா பட்டுனு போயிரும், தாள்ல கறை பெருசா இருக்காது. ஈரம் குடிச்ச மருந்துன்னா உருண்டை உருண்டையா அழுக்கு விட்டுட்டுப் போகும்" என்றார்.

லைசென்ஸைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதும்போது, "கூகைப்பாறையா? வழக்கமா உங்க தம்பில்லா வருவாவ. ஆறு வருசமா அவிய கையிலதான் லெட்டர் கொடுத்து விடுவாவ உங்க அண்ணாச்சி" என்றார்.

ஆறு வருஷம்! அண்ணன் ஏன் தானே வரவில்லை? வாங்கின மருந்தெல்லாம் வருஷத்துக்கு ஒரு வெடிக்குத்தானா? மிச்சம் எங்கே? பஸ்ஸில் இந்தக் கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வேண்டாம் என்று சொல்லியும் வெள்ளைத்துரை தன் பங்குக்கு இரண்டு பொட்டலம் மருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அண்ணன் இருந்தபோது வாங்கி மிச்சம் வைத்ததாம். அவன் தெரு முனை திரும்பும்வரை காத்திருந்து கொல்லையில் வெள்ளைத்தாளை விரித்தேன். கடை மருந்து பட்டென்று போனது. அவன் மருந்தும் பட்டென்று போனது. இரண்டு தாளிலும் கறை ஒன்றுபோல லேசாக இருந்தது.

இதில் ஏதோ இருக்கிறது. கெட்டதாக இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் பொட்டலத்தைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து முருங்கை மரத்தடியில் கொட்டினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெடித்தேன்!

பொத்தைக் குன்றுக்குப் பின்னாலுள்ள எங்கள் தரிசில், ஸ்டேஷனில் தகவல் சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்கு. பருவெட்டு குழலுக்கு, மேலே துணி, இடிகம்பியால் இறுக்கம். பொடிவெட்டு கிண்ணிக்கு. கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் புஸ்ஸென்று ஒரு வெளிச்சம், அடுத்த கணம் டமாரென்று ஒரு சத்தம். கொக்கெல்லாம் கிளம்பிப் போனது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. அண்ணன் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கடைசி வருஷம் நாலு தடவை போன் செய்தான். "ஒரு எட்டு வந்துட்டுப் போ செண்பகம்" என்றான். சொத்தில் கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். ஆபீஸில் ஆடிட் வேறு இருந்தது. ஆடிட் உண்மைதான்.

வெள்ளைத்துரை ஐம்பதடி தள்ளி நின்று கை தட்டினான். பக்கத்தில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னான். கருமருந்துக் கரி இருந்தால் ஒரே நாளில் துரு ஏறிவிடுமாம். செய்தேன். போகிறபோக்கில், "தசமியன்னைக்குக் காலையில நான் ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போறேன்க்கா" என்றான்.

எதைப் பார்க்க?

செப்டம்பர் 24, புதன்

கடலை ஊறப் போட்டேன். கொலுவுக்கு நாலு பேர் வந்தார்கள். சுண்டலில் உப்பு தூக்கல்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்றைக்குக் கிடைத்தது பெரிய தகவல். பாத்திரம் தேய்க்கிற இசக்கியம்மாள் அண்ணன் காலத்திலிருந்தே இந்த வீட்டில் இருக்கிறவள். துப்பாக்கிப் பேச்சு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்ககிட்ட சொல்லாம யாருட்ட சொல்ல. ஒவ்வொரு தசமிக்கும் விடியக்காலம் வெள்ளைத்துரை ஐயா வருவாவ. அண்ணாச்சி குளிக்கப் போன சமயமாப் பார்த்துப் பூசை ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிடுவாவ. துப்பாக்கி அங்கதான இருக்கும்? கையில ஒரு சின்னக் கம்பி வச்சிருப்பாவ. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொல்லப்புடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவளே!"

அடப்பாவி. கம்பியாமே, கதவைச் சாத்திக்கொண்டாமே! அப்படியும் அண்ணன் வெடி ஒரு வருஷம்கூடத் தவறவில்லை என்றால் அது அம்மன் காப்பாற்றியதுதான். என்னை அவள் காப்பாற்றுவாளோ என்னவோ, நான் என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன். எனக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வெடிதான். அதையும் பறிகொடுத்துவிட்டு இந்தப் பெரிய வீட்டில் நான் யாரென்று உட்கார்ந்திருப்பேன்?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சந்தனக்கட்டையை நானே இழைத்தேன், தண்ணீர் குறைவாக விட்டு, வெண்ணெய் பதத்துக்குக் கெட்டியாக. அண்ணன் கூடத்தில் மாட்டியிருக்கிற பழைய ஆயுத பூஜைப் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறபடியே துப்பாக்கிக்கு மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன். வாய்க்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நாலணா அகலம். மேலே குங்குமம். மாலை போட்டதும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

பூசை முடிந்ததும் ரூமைப் பூட்டினேன். பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, என் கட்டைவிரலை அழுத்தினேன். சுட்டுவிட்டது. பரவாயில்லை.

பிறகு ஸ்டேஷனுக்குப் போய் ஒன்றரைப் பக்கம் மனு கொடுத்தேன். இளைய வீட்டு வெள்ளைத்துரை துப்பாக்கியில் சதி செய்யக்கூடும் என்று நம்பகமான தகவல் இருப்பதாலும், என் உயிருக்கும் உரிமைக்கும் ஆபத்து இருப்பதாலும், மைதானத்தில் அவர் என்னை நெருங்காதபடி பாதுகாப்பு வேண்டும் என்று. எஸ்.ஐ. படித்துவிட்டு, "காந்தி ஜெயந்தியும் அதுவுமா துப்பாக்கிக்குப் பந்தோபஸ்தா?" என்றார். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்றேன். ரசீது வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 2, வியாழன், காலை

ஆறு மணிக்கே வந்துவிட்டான், குளித்து விபூதி பூசிக்கொண்டு. கை சட்டைப் பையில் இருந்தது. அரக்கு முத்திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னக்கா இது?"

"பார்த்தா தெரியலையா?"

"ஒரே ஒரு நிமிசம் திறங்கக்கா. நான் பார்த்துட்டுப் போயிருதேன்."

"நான் இருக்கும்போது நீ எதுக்குப் பார்க்கணும்?"

எதையோ சொல்ல வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சரிக்கா. சுடுறதுக்கு முன்னே சந்தனத்தை நல்லாத் துடைச்சிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். துடைக்க மாட்டேனா என்ன? எனக்குச் சொல்ல வந்துவிட்டான்.

அக்டோபர் 2, இரவு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு மணிக்கு முத்திரையை உடைத்தேன். முழுசாக இருந்தது. ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தேன், துப்பாக்கி பளபளவென்று ஆனது. மைதானத்தில் ஊரே திரண்டிருந்தது. அம்மன் குதிரைமேல் வேல் ஏந்தி நின்றாள். நூறு பேர் தோள் கொடுக்கத் தயாராக வாகனத்தைச் சுற்றி நின்றார்கள். எஸ்.ஐ.யும் இரண்டு கான்ஸ்டபிளும் வந்திருந்தார்கள். வெள்ளைத்துரை அவன் பெண்டாட்டி பிரம்மசக்தியோடு ஓரமாக நின்றான். கான்ஸ்டபிள்கள் போய் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

எல்லாரும் பார்க்க மருந்து போட்டேன். பருவெட்டு, துணி, இடிகம்பி. கிண்ணிக்குப் பொடிவெட்டு. மேளம் நின்றது. வானத்தைப் பார்த்துக் குழலை உயர்த்தி இழுத்தேன்.

புஸ்.

கிண்ணியில் வெளிச்சம் வந்தது, புகை வந்தது, அவ்வளவுதான். குழல் ஊமையாக இருந்தது. கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். பூசாரி, "ஒண்ணு" என்று எண்ணினார்.

கொஞ்ச நேரம் குழலை உயர்த்தியபடியே நின்றுவிட்டு, கிண்ணியைத் துடைத்து மறுபடி பொடி போட்டேன். இழுத்தேன். மறுபடி புஸ்.

"ரெண்டு" என்றார் பூசாரி. அவர் குரலும் இறங்கிவிட்டது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆத்திரம். அதே மருந்து, அதே துப்பாக்கி, தரிசில் வெடித்ததே! செய்துவிட்டான், எப்படியோ செய்துவிட்டான் என்று அவனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் என் பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தான். கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்தார்.

"உங்க மேல மனு இருக்கு சார். பக்கத்துல போகக்கூடாது."

"யார் மனு?"

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். வெள்ளைத்துரையும் என்னைப் பார்த்தான்.

"நீங்களாக்கா?"

பிரம்மசக்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பேசாமல் இருந்திருந்தால் போதும். இன்னும் ஒரு இழுப்பு, மூணு என்று பூசாரி சொல்லிவிடுவார், துப்பாக்கி தானாக அவன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அக்கா, மருந்துல குத்தம் இல்ல. காதுல சந்தனம் அடைச்சிருக்கு. மேலத் துடைச்சா போகாது, உள்ள போயிக் காஞ்சிருக்கும். முகத்தைத் திருப்பிக்கிட்டு ஊசி எதையாவது விட்டுக் குத்துங்க. நான் தொடமாட்டேன், பயப்படாதிய."

உள்ளே மருந்து இருக்கிற துப்பாக்கியின் காதில், நான் புகார் கொடுத்தவன் சொல்லி, நான் இரும்பை விட வேண்டும். குத்தும்போது வெடித்தால்? அதற்குத்தான் சொல்கிறானோ என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைத்து எழுத மாட்டேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அம்மாவிடம் அடி வாங்கப் போகும்போது சின்ன வயதில் நிற்பான், அந்த மாதிரி.

தோளிலிருந்து சேலை ஊக்கைக் கழற்றினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினேன். ஊக்கின் முனையில் வெள்ளையாக, அரிசிக் குருணை அளவுக்கு, கெட்டிச் சந்தனம் வந்தது.

கிண்ணிக்கு மறுபடி பொடி போட்டேன். மூன்றாவது இழுப்புக்கு மைதானமே அதிர்ந்தது. குலவை வானத்துக்குப் போனது. அம்மன் எழுந்தாள். எனக்கு மாலை போட்டார்கள், பரிவட்டம் கட்டினார்கள். நான் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே கான்ஸ்டபிள்கள் மட்டும்தான் நின்றிருந்தார்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

மனுவை வாபஸ் வாங்கினேன். "காரணம்?" என்று எஸ்.ஐ. கேட்டார். "தவறான தகவல்" என்று எழுதினேன். "தகவல் கொடுத்தது யார்?" என்றார். இசக்கியம்மாள் பெயரைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் கண்டதைத்தான் சொன்னாள். "நான்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். அண்ணன் எங்கே எவ்வளவு சந்தனம் வைப்பான் என்று. "அப்புவாவ! காதைப் போட்டு அப்புவாவ! யாரு சொன்னாலும் கேக்க மாட்டாவ" என்றாள். ஆக, ஒவ்வொரு வருஷமும் அவன் கம்பியோடு வந்தது அதை எடுக்கத்தான். அண்ணனிடம் சொன்னால் துப்பாக்கியைத் தொட்டதற்கே சந்தேகப்படுவான் என்று பயந்துதான் கதவைச் சாத்தியிருக்கிறான்.

போன் செய்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

எடுக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறவன், இன்றைக்கு வரவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டு எழுந்து போனேன், பால்காரன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மானம் ரோஷமெல்லாம் பார்த்தால் வேலைக்காகாது என்று மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவன் வீட்டுக்கே போய்விட்டேன்.

கதவைத் திறந்தது பிரம்மசக்தி. "வாங்க மதினி" என்று சொன்னாள், குரலில் ஈரம் இல்லை. வெள்ளைத்துரை ஊஞ்சலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்று, "வாங்க" என்றான். 'அக்கா' இல்லை.

என்னென்னவோ யோசித்து வைத்துக்கொண்டு போனேன். எதுவும் வரவில்லை. "பசிக்குது" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பிரம்மசக்தி இலை போட்டாள். சோறு, தீயல், அவியல், அப்பளம். நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போது வெள்ளைத்துரை குனிந்து, என் இலையிலிருந்து ஒரு வாய்ச் சோற்றைத் தீயலோடு பிசைந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். மென்று விழுங்கினான். விழுங்கின பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது. முகம் கறுத்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கக்கா. பழக்கதோசம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பழக்கம் இது?"

அவன் கையைக் கழுவப் போய்விட்டான். பிரம்மசக்திதான் சொன்னாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

"ஒங்க அண்ணாச்சி படுத்த படுக்கையா கிடந்தாவள்லா, எட்டு மாசம். மூணு வேளையும் இங்கேருந்துதான் சோறு போச்சு. நாங்க சோத்துல விசம் வைக்கோம்னு சொல்லுவாவ மதினி. மூத்த வீட்டை முடிக்கப் பாக்கோம்னு. இவிய ஒரு வாய் எடுத்துத் தின்னு காட்டின பொறவுதான் அவிய வாயைத் திறப்பாவ. ஒரு வேளை, ரெண்டு வேளை இல்ல. எட்டு மாசமும்."

நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்கு நாலு தடவை போன் போட்டது எதுக்குன்னு நினைச்சிய? 'செண்பகம் வந்து போட்டா நான் பயமில்லாமத் தின்பேன்'னு சொல்லுவாவ. அதுக்குத்தான்."

வெள்ளைத்துரை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஏளா, சும்மா கெட" என்று அவளை அதட்டினான். என்னைப் பார்த்து, "விடுங்கக்கா, சீக்காளி பேச்சு. வேற இலை போடச் சொல்லுதேன், நான் கை வச்சுட்டேன்" என்றான்.

அண்ணன் பசியோடு கிடந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறான். பத்திரத்தில் கையெழுத்து கேட்பானோ என்று நான் போனை வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அழுகிறேன், அங்கேயும் அழுதேன். இருவரும் பார்க்க, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். பிரம்மசக்தி முதலில் சும்மா நின்றாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வேறு இலை வேண்டாம் என்று அவன் கையைத் தள்ளினேன். அவன் எடுத்த இடத்தில் சோறு பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளத்திலேயே கையை வைத்துப் பிசைந்து தின்ன ஆரம்பித்தேன்.